மெதுவாகச் சறுக்க ஒரு தட்டு

சிறு விசைப்படகுகளின் பின்பலகையில், அடிவிளிம்பை ஒட்டி, இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாகக் கீல் வைத்த இரண்டு தட்டுகளைக் காணலாம். டிரிம் டேப் என்பது அவற்றின் பெயர். 6 மீட்டர் நீளமுள்ள படகில் ஒவ்வொரு தட்டும் அரை மீட்டர் அகலமும் சுமார் 23 சென்டிமீட்டர் நீளமும் இருக்கும். ஓட்டுபவர் விசையை அழுத்தினால் அவை சில டிகிரி கீழே சாயும். படகின் பின்புறம் எழும்பி, முன்முனையான அணியம் தாழும். வாங்கும்போதே தட்டு இல்லாத படகுகளுக்குப் பிறகு வாங்கிப் பொருத்துவதும் பரவலான வழக்கம். விற்பவர்கள் இதனால் படகின் வேகம் கூடும் என்பார்கள். சந்தேகக்காரர்களோ, ஓடும் நீருக்குள் ஒரு தகட்டைச் சாய்த்து வைத்தால் அது முட்டுக்கட்டையாகத்தானே இருக்கும் என்று கேட்பார்கள். நீரியக்கவியலின் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் இரு தரப்புமே முக்கியமான ஒன்றைத் தவறவிடுவது தெரியும். இந்தத் தட்டு படகின் உச்ச வேகத்தைக் கூட்டுவதற்கான கருவி அல்ல. படகு நீருக்குள் அமிழாமல் அதன் மேல் சறுக்கிக்கொண்டே எவ்வளவு மெதுவாகப் போக முடியும் என்ற கீழெல்லையை இறக்கித் தருவதே இதன் உண்மையான வேலை.

அந்தக் கீழெல்லை எதனால் உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். மெதுவாகப் போகும் படகு தன் எடைக்குச் சமமான நீரை விலக்கி மிதக்கிறது. போகும்போது அலைகளை எழுப்புகிறது. ஆழ்ந்த நீரில் அலையின் நீளமும் வேகமும் ஒன்றோடொன்று பிணைந்தவை. 6 மீட்டர் நீள அலை மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகத்தில்தான் நகரும். 6 மீட்டர் படகு அந்த வேகத்தை எட்டும்போது, அது எழுப்பும் அலை அதன் நீளத்துக்கே வந்துவிடுகிறது: ஒரு முகடு அணியத்தில், அடுத்தது பின்புறத்தில். இன்னும் வேகம் கூட்டினால் அலை நீண்டு, பின்முகடு படகை விட்டு விலகிப் பின்னால் போகிறது. பின்புறம் பள்ளத்தில் இறங்க, படகு தானே எழுப்பிய அலையின் மேட்டில் ஏற முயல்கிறது. இந்த அலைத்தடையை அளவிடும் வழியை வகுத்தவர் வில்லியம் ஃப்ரூட். 1872இல் இங்கிலாந்தின் டார்கீயில் அவர் கட்டிய நீண்ட தொட்டியில் மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்து, சிறிய மாதிரியின் தடையிலிருந்து பெரிய கப்பலின் தடையைக் கணிக்க வழி கண்டார். வேகத்துக்கு எதிராகத் தடையை வரைந்தால் வரும் கோட்டில் இந்த இடம் காளையின் திமில் போலப் புடைத்து நிற்கும். சறுக்கும் படகு தாண்ட வேண்டியது இந்தத் திமிலைத்தான்.

தாண்டிவிட்டால் ஆட்டத்தின் விதி மாறுகிறது. படகைத் தாங்குவது இனி முதன்மையாக மிதப்பு விசை அல்ல; சாய்ந்த அடிப்பகுதியின் மீது நீர் வேகமாக மோதும்போது உண்டாகும் அழுத்தம். தட்டையான கல்லைக் குளத்தில் எறிந்தால் அது தவளைபோலத் தத்திச் செல்வதும் இப்படித்தான். சாய்வு இல்லாமல் இந்தத் தூக்கு விசை இல்லை. ஆகவே சறுக்கும் படகு எப்போதும் கொஞ்சம் அணியத்தை நிமிர்த்தியே ஓடுகிறது. ஆனால் அந்த நிமிர்வுக்கு விலை உண்டு. அழுத்தம் அடிப்பரப்புக்குச் செங்குத்தாகச் செயல்படுவதால், அது படகை மேலே தூக்கும்போதே கொஞ்சம் பின்னோக்கியும் தள்ளுகிறது. 1,000 கிலோ எடையுள்ள படகு 2 டிகிரி நிமிர்ந்திருந்தால் இந்தப் பின்தள்ளல் 35 கிலோ விசை. 4 டிகிரியில் 70. 6 டிகிரியில் 105. அப்படியானால் கோணத்தைக் குறைத்துக்கொண்டே போகலாமே என்று தோன்றும். கோணம் குறையக் குறையப் படகின் அடி அதிகப் பரப்பில் நீரைத் தொடுகிறது, உராய்வு கூடுகிறது. நிமிர்ந்தால் ஒரு செலவு, படுத்தால் இன்னொரு செலவு. இரண்டும் சேர்ந்து மிகக் குறைவாக இருக்கும் கோணம் நடுவில் எங்கோ இருக்கிறது.

அந்த நடுவைக் கணக்கிடும் முறையைத் தந்தவர் டேனியல் சாவிட்ஸ்கி. அமெரிக்காவின் ஹோபோக்கனில் உள்ள ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் டேவிட்சன் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் நடந்த தொட்டிச் சோதனைகளைத் திரட்டி, 1964இல் அவர் வெளியிட்ட சூத்திரங்களைப் படகு வடிவமைப்பாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அவற்றின்படி தடை மிகக் குறைவாக இருப்பது சுமார் 4 டிகிரி நிமிர்வில். சிக்கல் என்னவென்றால், படகு தன் கோணத்தைத் தானாக 4 டிகிரியில் வைத்துக்கொள்வதில்லை. எடையும் வேகமும் எடைமையமும் சேர்ந்து அதை முடிவு செய்கின்றன. உதாரணமாக ஒரு படகை எடுத்துக்கொள்வோம்: மொத்த எடை 1,200 கிலோ, அடிப்பகுதியின் அகலம் 2 மீட்டர், அடியின் வி வடிவச் சரிவு 18 டிகிரி, எடைமையம் பின்பலகையிலிருந்து 1.9 மீட்டர் முன்னால். சாவிட்ஸ்கியின் சூத்திரங்களில் இதைப் போட்டால், 30 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 56 கிலோமீட்டரில், படகு வெறும் 2.6 டிகிரிதான் நிமிர்கிறது. உராய்வுத் தடை 190 கிலோ, பின்தள்ளல் 54 கிலோ. அதே படகு 13 நாட்டில், மணிக்கு 24 கிலோமீட்டரில், 6.3 டிகிரி நிமிர்கிறது. உராய்வு 45 கிலோ, பின்தள்ளல் 132 கிலோ. ஒரே படகு, இரண்டு வேகம், நேர்மாறான இரண்டு நோய்கள். வேகமாகப் போகும்போது அதன் அணியம் தேவைக்கு மேல் தாழ்ந்திருக்கிறது. மெதுவாகப் போகும்போது தேவைக்கு மேல் நிமிர்ந்திருக்கிறது. தட்டு இரண்டாவது நோய்க்கான மருந்து மட்டுமே.

தட்டு முட்டுக்கட்டைதானே என்ற கேள்விக்கு இங்கேயே விடை சொல்லிவிடலாம். அதே டேவிட்சன் ஆய்வகத்தில் பி. டபிள்யூ. பிரவுன் தட்டு பொருத்திய சறுக்கு அடிகளைச் சோதித்து 1971இல் முடிவுகளைத் தந்தார். 1976இல் சாவிட்ஸ்கியும் பிரவுனும் அவற்றைக் கணிப்பு முறையோடு இணைத்தார்கள். அதில் தெரியவந்த முக்கியமான செய்தி, தூக்கு விசையின் பெரும்பகுதி தட்டின் மீது பிறப்பதில்லை என்பது. சாய்ந்த தட்டு தனக்கு முன்னால் வரும் நீரைத் தயங்க வைக்கிறது. அந்தத் தயக்கத்தால் தட்டுக்கு முன்னுள்ள படகின் அடியில் அழுத்தம் ஏறுகிறது. தூக்கலின் மையமே பின்பலகையிலிருந்து அகலத்தின் பாதிக்கு மேல் முன்னால் விழுகிறது. இன்டர்செப்டர் என்ற இன்னொரு வகைக் கருவி இதை இன்னும் தெளிவாகக் காட்டும். அதில் தட்டே கிடையாது. மெல்லிய பட்டை ஒன்று பின்பலகையை ஒட்டிச் செங்குத்தாகச் சிறிதளவு கீழிறங்கும். நீர் மேலே தூக்குவதற்கு அதில் பரப்பே இல்லை. ஆனாலும் அணியம் தாழ்கிறது. தூக்குவது படகின் அடிதான். பட்டையும் தட்டும் அதைத் தூண்டுகின்றன, அவ்வளவே.

இனி வரவு செலவைப் பார்ப்போம். நமது படகு 13 நாட்டில் ஓடும்போது இரண்டு தட்டுகளையும் 8 டிகிரி இறக்கினால், பிரவுனின் சூத்திரப்படி சுமார் 200 கிலோ தூக்கு விசை கிடைக்கிறது. அதற்குத் தட்டு வாங்கும் கூலி 13 கிலோ தடை. படகின் நிமிர்வு 6.3 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறங்குகிறது. பின்தள்ளல் 132 கிலோவிலிருந்து 88 ஆகிறது. நனையும் பரப்பு கூடுவதால் உராய்வு 45இலிருந்து 49 ஆக ஏறுகிறது. கூட்டிக் கழித்தால் மொத்தத் தடை 177 கிலோவிலிருந்து 150 கிலோவாகிறது; ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மிச்சம். காற்றின் தடையும் நீருக்குள் இருக்கும் மோட்டார்க் காலின் தடையும் இதில் சேரவில்லை. அமைதியான நீருக்கான கணக்கு இது. அதனால் உண்மையான படகில் எண்கள் கொஞ்சம் மாறலாம், திசை மாறாது. சந்தேகக்காரர் சொன்னதுபோலத் தட்டு தடைதான். 13 கிலோ தடையைக் கொடுத்து 40 கிலோவுக்கு மேற்பட்ட தடையை நீக்கிக்கொள்ளும் பேரம் அது. ஆனால் 30 நாட்டில் இதே தட்டை இறக்கினால் பேரம் நட்டத்தில் முடியும். அங்கே தடையில் முக்கால் பங்குக்கு மேல் ஏற்கெனவே உராய்வுதான். அணியம் இன்னும் தாழ்ந்தால் அது மேலும் கூடும். விற்பவர் சொல்லும் வேகக் கதை உடைவது இங்கேதான்.

மெதுவாகச் சறுக்குவதில் என்ன பெரிய லாபம் என்று கேட்கலாம். வேகப்படகு வாங்குகிறவர் மெதுவாகப் போகவா வாங்குகிறார்? கடல் அமைதியாக இருக்கும் வரை இந்தக் கேள்வி நியாயமானது. அலை எழும்பினால் நிலைமை வேறு. 1976இல் சாவிட்ஸ்கியும் பிரவுனும் தந்த இன்னொரு சூத்திரம், அலையில் படகு அடிபடும் கடுமையைக் கணிக்கிறது. அந்தக் கடுமை நிமிர்வுக் கோணத்துக்கு நேர்விகிதத்திலும், வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் கூடுகிறது. 20 நாட்டில் போகிறவர் 14 நாட்டுக்கு இறங்கினால் மோதல் பாதியாகும். அணியத்தையும் தாழ்த்த முடிந்தால் மேலும் குறையும். ஆனால் தட்டு இல்லாத, பின்புறம் கனத்த படகில் 14 நாட் என்பது நிற்க முடியாத இடம். விசையைக் கொஞ்சம் குறைத்தால் பின்புறம் அமிழ்ந்து, அணியம் வானத்தைப் பார்த்து, ஓட்டுபவருக்கு முன்னால் என்ன இருக்கிறதென்றே தெரியாமல், படகு திமிலுக்குப் பின்னால் சரிந்துவிடும். அவருக்கு இரண்டே தெரிவுகள்: முதுகெலும்பு நோக வேகமாகப் போவது, அல்லது 6, 7 நாட்டில் தள்ளாடிக்கொண்டே கரை சேர்வது. இந்த இரண்டுக்கும் இடையில் புழங்கத்தக்க ஒரு வேகத்தைத் தட்டு திறந்து வைக்கிறது.

இதையெல்லாம் மோட்டாரைச் சாய்த்தே செய்யலாமே என்பது அடுத்த மறுப்பு. இன்றைய அவுட்போர்ட் மோட்டார்களில் பெரும்பாலானவற்றை விசை ஒன்றால் உள்ளேயும் வெளியேயும் சாய்க்க முடியும். உள்ளே சாய்த்தால் உந்துவிசை கொஞ்சம் மேல்நோக்கித் திரும்பும், பின்புறம் எழும், அணியம் தாழும். மறுப்பில் உண்மை இருக்கிறது. எவ்வளவு என்பதே கேள்வி. 13 நாட்டில் நமது படகின் உந்துவிசை சுமார் 177 கிலோ. மோட்டாரை 5 டிகிரி உள்ளே சாய்த்தால் அதில் மேல்நோக்கிக் கிடைப்பது 15 கிலோ மட்டுமே. மோட்டார் எடைமையத்திலிருந்து வெகுதூரம் பின்னால் இருப்பதால் அதன் நெம்புகோல் நீளம் அதிகம் என்பதையும் சேர்த்தே கணக்கிட்டாலும், அணியத்தைத் தாழ்த்தும் திருப்பம் தட்டுகள் தருவதில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில்தான் வருகிறது. உந்துவிசை முன்னோக்கிப் போகாமல் சாய்வாகப் போவதும், சுக்கானை ஒரு பக்கம் இழுக்கும் போக்கு கூடுவதும் இதன் பக்கவிளைவுகள். சரியான வேலைப் பங்கீடு இது: தட்டு படகின் கோணத்தைப் பார்த்துக்கொள்ளட்டும், மோட்டார் தன் உந்துவிசையை நீரோட்டத்துக்கு இணையாக வைத்துக்கொள்ளட்டும். வேகம் கூடியபின் தட்டை உயர்த்திவிட்டு, மோட்டாரை வெளியே சாய்த்து அணியத்தை நிமிர்த்துவதும் இதே பங்கீட்டின் மறுபாதி.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: பின்புறம் கனத்திருந்தால் எடையை முன்னால் நகர்த்துவதுதானே முறை? ஆம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 2 மீட்டர் முன்னால் போய் உட்கார்ந்தால், நமது தட்டுகள் தரும் திருப்பத்துக்கு ஏறக்குறையச் சமமான திருப்பம் காசு செலவில்லாமல் கிடைக்கும். மின்கலமும் நங்கூரச் சங்கிலியும் பின்னால் கிடக்கும் படகுக்குத் தட்டு வாங்குமுன் அவற்றை இடம் மாற்றுவதே அறிவு. ஆனால் எல்லா எடையையும் நகர்த்த முடியாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1996இல் அவுட்போர்ட் மோட்டார்களின் புகைக்குக் கொண்டுவந்த விதி, ஹைட்ரோகார்பன் கழிவை 2006க்குள் நான்கில் ஒரு பங்காகக் குறைக்கச் சொன்னது. அதற்குப் பிறகு பழைய பாணி டூ-ஸ்ட்ரோக் மோட்டார்களின் இடத்தைக் கனமான ஃபோர்-ஸ்ட்ரோக் மோட்டார்கள் பெருமளவு பிடித்தன. இலகுவான மோட்டாரை மனத்தில் வைத்து வார்த்த பழைய படகின் பின்பலகையில், அதிலும் எடைமையத்திலிருந்து மிகத் தொலைவான அந்த இடத்தில், கூடுதல் எடை போய் உட்கார்ந்தது. இப்படி மோட்டார் மாற்றிய படகுகளுக்குத் தட்டு பொருத்துவதில் நியாயம் இருக்கிறது. தவிர, முன்னால் நகர்த்திய எடை அங்கேயே இருக்கும். பின்னாலிருந்து அலை துரத்தும்போது அணியத்தை நிமிர்த்த வேண்டும் என்றால் அது ஒத்துழைக்காது.

முன்பின் சாய்வைப் பற்றி மட்டும் பேசினால் தட்டின் பாதிப் பயன் விட்டுப்போகும். 1960இல் மயாமி–நசாவு படகுப் பந்தயத்தில் கொந்தளிக்கும் கடலில் மாப்பி என்ற படகு வென்றது. ரே ஹண்ட் வடிவமைத்த அதன் அடி, பின்பலகை வரை ஆழமான வி வடிவில் இருந்தது. அந்த வெற்றிக்குப் பிறகு கடல் வேகப்படகுகளின் வடிவமே மாறியது. வி எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கு அலையை வெட்டும். ஆனால் தூக்கு விசை குறையும், பக்கவாட்டில் எளிதில் சாயும். வலப்பக்கமிருந்து காற்று வீசினால் ஓட்டுபவர் படகை வலப்பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அப்போது மோட்டார் படகின் அடியை இடப்பக்கம் தள்ளுவதால் படகு வலப்பக்கம், காற்றை நோக்கியே, சாய்ந்து ஓடும். கூர்மையான வி அலையைச் சந்திக்க வேண்டிய இடத்தில் தட்டையான பக்கம் போய் மோதும். காற்று வரும் பக்கத்துத் தட்டை மட்டும் கொஞ்சம் இறக்கினால் அந்தப் பக்கம் எழுந்து படகு நேராகிவிடும். மோட்டாரின் சாய்வால் இதைச் செய்யவே முடியாது. புதியவர்கள் தடுமாறுவது விசைகளில்தான். பல படகுகளில் இடப்பக்க விசையில் அணியத்தைத் தாழ்த்தச் சொன்னால் இறங்குவது வலப்பக்கத் தட்டு. விசைக்கு அணியத்தின் பெயர் வைத்திருக்கிறார்கள், தட்டின் பெயரை அல்ல: வலப்பக்கப் பின்புறம் எழும்பினால்தான் இடப்பக்க அணியம் தாழும்.

தட்டினால் ஆபத்து வரும் என்ற அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. பின்னாலிருந்து பெரிய அலை துரத்தும்போது தட்டு இறங்கியிருந்தால், படகு அலைச் சரிவில் வழுக்கி இறங்கி, தாழ்ந்த அணியத்தை முன்னிருக்கும் அலையின் முதுகில் குத்தும். அணியம் அங்கே மாட்டிக்கொள்ள, பின்புறத்தை அலை பக்கவாட்டில் தள்ள, படகு குறுக்காகத் திரும்பிக் கவிழவும் கூடும். முகத்துவாரத்தைக் கடக்கும்போது தட்டுகளை முழுவதும் உயர்த்தியே ஆக வேண்டும். பின்னோக்கி ஓட்டும்போதும் அப்படியே. இறங்கிய தட்டு நீரை வாரிக்கொண்டு வளைந்துபோகும். இந்த அச்சம் தட்டுக்கு எதிரான வாதமாக முடிவதில்லை. அசையாமல் நிரந்தரமாகப் பொருத்திய தட்டுக்கு எதிரான வாதம் அது. அழுத்தம் வேகத்தின் இருமடியாகக் கூடும் என்பதையே பயன்படுத்தி, வாயு நிரப்பிய தண்டுகளால் தாங்கப்படும் மலிவான தட்டுகளும் இருக்கின்றன. வேகம் கூடும்போது நீரே அவற்றை மேலே தள்ளிவிடும். மின்சாரமோ விசையோ வேண்டாம். ஆனால் அவை ஓட்டுபவரின் சொல்லைக் கேட்பதில்லை. துரத்தும் அலையில் மெதுவாகப் போகும்போது, உயர வேண்டிய தட்டு இறங்கியே இருக்கும்.

பொருத்தும் வேலையிலும் இதே இயற்பியல்தான் வழிகாட்டி. படகின் நீளத்தில் ஒவ்வோர் அடிக்கும், பக்கத்துக்கு ஓர் அங்குல அகலத் தட்டு என்பது இத்தொழிலில் பரவலாக வழங்கும் கணக்கு. 20 அடிப் படகுக்கு 20 அங்குலம். மெதுவாக ஓடும் கனத்த படகுக்கு இன்னும் பெரிது வேண்டும், ஏனெனில் வேகம் பாதியானால் அதே தட்டின் விசை கால்வாசிதான். முழுவதும் உயர்த்திய நிலையில் தட்டின் பின்விளிம்பு படகின் அடிக்கோட்டுக்கு மேலே நிற்க வேண்டும். இல்லையென்றால் உயர்த்தியபோதும் அது வேலை செய்துகொண்டே இருக்கும். மோட்டாருக்கு மிக அருகில் வைத்தால் தட்டு கலக்கிய நீர் சுழலியில் புகுந்து பிடிமானம் குறையும். பின்பலகைக்குள் ஒட்டுப்பலகை இருக்கும் படகுகளில், துளையிடும் ஒவ்வொரு திருகாணியும் நீர் புகுந்து மரத்தை உளுத்துப்போக வைக்கும் வாசல். அடைப்புப் பசை இல்லாமல் ஒன்றையும் முறுக்கக் கூடாது. 7, 8 நாட்டுக்கு மேல் ஒருபோதும் போகாத படகுக்கு இந்தச் செலவே வீண். திமிலை நெருங்காத படகுக்குத் திமிலைத் தாண்டும் உதவி எதற்கு?

இவ்வளவு கணக்கையும் நம்பாதவருக்கு ஒரு சோதனை இருக்கிறது. அமைதியான நீரில், படகு சறுக்கத் தொடங்கும் வேகத்தில், மோட்டாரின் விசையைத் தொடாமல் அப்படியே வைத்துக்கொண்டு, தட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி ஜிபிஎஸ் காட்டும் வேகத்தைக் கவனிக்கலாம். முதலில் வேகம் ஏறும். ஒரு கட்டத்தில் நின்று, பிறகு இறங்கத் தொடங்கும். நின்ற இடம்தான் அந்த எடைக்கும் அந்த வேகத்துக்கும் பொருத்தமான கோணம். அதே சோதனையை முழு விசையில் செய்தால், நன்றாக எடை பங்கிட்ட படகில், முதல் டிகிரியிலேயே வேகம் இறங்கும். முழு விசையிலும் தட்டை இறக்கியே ஓட்ட வேண்டியிருந்தால் குறை வேறெங்கோ இருக்கிறது: எடை தவறான இடத்தில் இருக்கலாம், சுழலி பொருந்தாமல் இருக்கலாம். அதைச் சரிசெய்துவிட்டு, தட்டை அது உதவும் வேகங்களுக்கு ஒதுக்கி வைக்கலாம்: காற்று கிளம்பிவிட்டது, கரை இன்னும் தொலைவில் இருக்கிறது, வேகமாகவும் போக முடியாது என்ற மாலைகளின் 12, 13 நாட்டுக்கு.